மூன்று பவுனும் நாற்பது ஏக்கரும்

மகளுக்கு ஏழாம் வகுப்பு. இங்கே தென்னாப்பிரிக்காவில் அந்த வகுப்புக்கு ஒரு பருவம் முழுக்க அட்லாண்டிக் அடிமை வணிகம்தான் வரலாற்றுப் பாடம். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய நாட் டர்னர், ஹாரியட் டப்மன், ஜான் பிரௌன் எல்லாரும் வருகிறார்கள். பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்த பிள்ளைக்கு மனதில் என்ன நிற்கிறது என்றால், அடிமைகள் சுதந்திரம் கேட்டார்கள், எசமானர்கள் முடியாது என்றார்கள், கடைசியில் லிங்கன் வந்து கொடுத்தார், அவ்வளவுதான். எசமானர்களும் சுதந்திரம் சுதந்திரம் என்றுதான் கத்தினார்கள், அதுவும் மற்றவர்களைவிட உரக்கக் கத்தினார்கள் என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. "அது எப்படிம்மா, அவங்கதான கட்டி வச்சிருந்தாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் டர்பனில் இருக்கும் நமக்கு இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை.

1775 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க், அமெரிக்கக் குடியேற்றங்களோடு சண்டை வேண்டாம், சமாதானமாகப் போகலாம் என்று ஒரு நீண்ட பேச்சுப் பேசினார். அதில் வர்ஜீனியாவையும் கரோலினாக்களையும் பற்றி ஒரு வார்த்தை வருகிறது. அங்கே ஏராளமான அடிமைகள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட இடத்தில் அடிமையல்லாதவர்களுக்குத் தங்கள் சுதந்திரத்தைப் பற்றி இருக்கும் பெருமையும் பதற்றமும் வேறு எங்கும் இருக்காது, அவர்களுக்குச் சுதந்திரம் என்பது அனுபவிக்கிற ஒரு நன்மை மட்டும் இல்லை, ஒரு அந்தஸ்து என்கிறார். இந்த ஒரு வரி பிடிபட்டால் அதற்கப்புறம் அமெரிக்காவில் தொண்ணூறு வருஷம் நடந்த பல விஷயங்கள் பிடிபடும் என்பது என் எண்ணம். பக்கத்தில் விலங்கு மாட்டியவன் நிற்பதால்தான் என் கை வெறுங்கை என்பது எனக்கே தெரிகிறது. அவனுக்கும் விலங்கைக் கழற்றிவிட்டால் நான் எதை வைத்துச் சுதந்திரன் என்று சொல்லிக்கொள்வேன்?

ஜெஃபர்சனைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வேஷதாரி என்று முடித்துவிடுவார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமைக்காரராக இருந்தார். வேஷம் என்று சொல்வது சுலபம். ஆனால் தெற்கத்திப் பண்ணையார்களில் பெரும்பாலோர் வேஷம் போடவில்லை, மனசார நம்பினார்கள், அதுதான் பயங்கரம். அவர்கள் கணக்கில் சுதந்திரம் என்றால் என் சொத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது, என் வீட்டுக்குள் எவனும் நுழைந்து நியாயம் பேசக் கூடாது என்பதுதான். அந்தச் சொத்து ஒரு பெண்ணாகவும் அவள் பெற்ற பிள்ளைகளாகவும் இருந்தது அவர்களுக்கு உறுத்தவே இல்லை. நான் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். என் நிலம், என் பண்ணையாள், இதில் சர்க்கார் யார் என்று கேட்ட மிராசுதார்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் குரல் புதிது இல்லை. 1843லேயே கம்பெனி அரசு சட்டம் போட்டு, ஒரு ஆளை அடிமை என்று உரிமை கொண்டாடி இனி கோர்ட்டுக்கு வர முடியாது என்றது. காவிரிக் கரையில் அதற்கப்புறமும் பண்ணையாள் பண்ணையாளாகத்தான் இருந்தார். நிலம் ஐயாவிடம், கடன் ஆளிடம். தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்புச் சட்டம் 1952ல் வர வேண்டியிருந்தது என்றால் நடுவில் அந்த நூற்றுச்சொச்ச வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவையும் இந்த நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு தேதி என்னை உலுக்கிவிட்டது. 1837 பிப்ரவரி 6ஆம் தேதி அமெரிக்க செனட்டில் தென் கரோலினாவின் ஜான் கல்ஹூன் எழுந்து, அடிமை முறை ஒரு தீமை என்று இனி நாங்கள் தலைகுனிய மாட்டோம், அது ஒரு நன்மை என்றே சொல்வோம் என்று பேசினார். அதற்கு நான்கு நாள் முன்பு, பிப்ரவரி 2ஆம் தேதி, இங்கே கிரஹாம்ஸ்டவுன் பத்திரிகையில் பியட் ரெட்டீஃப் என்ற போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) தலைவரின் அறிக்கை வந்தது. தாங்கள் ஏன் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் பகுதியை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போகிறோம் என்று உலகத்துக்குச் சொல்லும் அறிக்கை. எங்கள் அடிமைகளை விடுவித்ததில் பெரும் நஷ்டம் என்று அதில் புலம்பல் இருக்கிறது. போகிற இடத்தில் சுதந்திரத்தின் நேர்மையான கொள்கைகளைக் காப்போம், யாரையும் அடிமையாக வைக்க மாட்டோம், ஆனால் எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் இடையே இருக்க வேண்டிய முறையை விடவும் மாட்டோம் என்கிறது. ரெட்டீஃபின் உறவுப் பெண் ஆன்னா ஸ்டீன்காம்ப் பிற்பாடு இன்னும் பட்டென்று போட்டு உடைத்தார்: அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது கூடப் பரவாயில்லை, அவர்களைக் கிறிஸ்தவர்களுக்குச் சமமாக வைத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று. பர்க் சொன்ன அந்தஸ்து, அப்படியே.

கேப்பின் அந்த அடிமைகளில் நம் கடற்கரை ஆட்களும் இருந்தார்கள் என்பது தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து கேப்டவுனில் விற்றது. சொந்தப் பேரை அழித்துவிட்டு ஏதோ ஒரு பேர் வைத்து, பின்னால் 'வான் கோரமாண்டல்' என்று ஒட்டினார்கள். 1860ல் ஒப்பந்தக் கூலிகளோடு கப்பல் வந்ததிலிருந்துதான் நம் கதை ஆரம்பம் என்று இங்கே மேடைக்கு மேடை பேசுகிறோம். அவர்கள் நம் கணக்கில் இல்லையா என்ன?

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அடிமை முறை இல்லாத வட மாநிலங்களில் இருந்தவர்கள் பேசிய சுதந்திரம் வேறு ரகம். உன் உழைப்பு உன்னுடையது, அதை நீ யாருக்கு வேண்டுமானாலும் கூலிக்கு விற்கலாம், சேர்த்து வைத்து நாளைக்கு நீயே நிலம் வாங்கலாம் என்பது. லிங்கன் 1859ல் மில்வாக்கியில் இதைத்தான் விளக்கினார். இன்றைக்குக் கூலிக்குப் போகிற பையன் சில வருஷத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கி இன்னொருவனுக்கு வேலை கொடுப்பான் என்று. இதை நான் லேசாக நினைக்கவில்லை. அடிமைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அடிமையாக இருந்து தப்பித்துத் தன் கதையை எழுதிய ஃப்ரெடரிக் டக்ளஸைப் படித்தால் தெரியும். பால்டிமோர் கப்பல் பட்டறைகளில் பலகை இடுக்குகளை அடைக்கிற வேலை அவருக்கு. சம்பளம் அவர் கைக்கு வரும், சனிக்கிழமை ஆனால் அதை அப்படியே கொண்டுபோய் எசமான் ஹியூ ஆல்ட் கையில் வைக்க வேண்டும். ஆறு டாலர் கொண்டுவந்த வாரத்தில் சில சமயம் ஆல்ட் அதிலிருந்து ஆறு சென்ட் எடுத்து, உற்சாகமாக இருக்கட்டும் என்று இவரிடம் கொடுப்பாராம். டக்ளஸுக்கு உற்சாகம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு சென்ட் எனக்குக் கொடுக்கத் தோன்றுகிறது என்றால் மொத்தமும் என்னுடையது என்று உனக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று எழுதுகிறார். ஆறு சென்ட்டை வைத்துக்கொண்டு ஒரு முறையையே கிழித்துப் போட்ட மனிதர்.

1838 செப்டம்பரில் தப்பித்து வடக்கே நியூ பெட்ஃபோர்டுக்குப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த அதே கப்பல் வேலை இருந்தது. ஆனால் கறுப்பன் சேர்ந்தால் நாங்கள் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்றார்கள் வெள்ளைத் தொழிலாளர்கள். தொழில் தெரிந்தவர், பாதிச் சம்பளத்துக்கு மூட்டை தூக்கினார், விறகு அறுத்தார். 1857ல் ஓரிகன் பிரதேசத்தில் வாக்கெடுப்பு வைத்தபோது அடிமை முறை வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட அதே ஜனங்கள், கறுப்பர்கள் இங்கே குடிவரவும் வேண்டாம் என்று சேர்த்தே ஓட்டுப் போட்டார்கள். அடிமை முறைக்கு எதிரி என்றால் அடிமைக்கு நண்பன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பர்க் சொன்ன அந்தஸ்து நோய் வடக்கிலும் இருந்தது, கொஞ்சம் நாசூக்காக.

வடக்கும் தெற்கும் உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்டிருந்த 1864 ஏப்ரலில் லிங்கனே பால்டிமோரில் பேசும்போது இந்தச் சிக்கலை நேராகச் சொன்னார். எல்லாரும் சுதந்திரத்துக்காகத்தான் நிற்கிறோம் என்கிறோம், ஆனால் ஒருவருக்கு அது தன் உழைப்பின் பலனைத் தான் அனுபவிப்பது, இன்னொருவருக்கு அடுத்தவன் உழைப்பைத் தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்வது என்றார். ஆட்டின் கழுத்திலிருந்து ஓநாயை மேய்ப்பன் விரட்டினால் ஆடு அவனைக் காப்பாற்றியவன் என்கும், ஓநாயோ என் சுதந்திரத்தைக் கெடுத்துவிட்டான் என்று ஊளையிடும், அதிலும் அந்த ஆடு கறுப்பு ஆடாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம் என்றார். நல்ல உவமைதான். எனக்கு அதில் ஒரே மனத்தாங்கல், ஆடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. நன்றி சொல்வதோடு சரி.

ஆனால் அவர்கள் பேசினார்கள், கேட்டவர்கள் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். 1865 ஜனவரி 12, ஜார்ஜியாவின் சவன்னா நகரம், வட படை ஊரைப் பிடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜெனரல் ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனும் இருபது கறுப்பினப் போதகர்களைத் தங்கள் ஜாகைக்கு வரவழைத்து உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதுவரை இதைக் கேட்க யாருக்குமே தோன்றவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். இருபது பேரின் பெயர், வயது, எத்தனை வருஷமாகச் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்பது எல்லாம் பதிவாகியிருக்கிறது. படை வந்த பிறகுதான் விடுதலையானேன் என்றவர்களும் அதில் இருக்கிறார்கள். எல்லார் சார்பிலும் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர். வயது 67. எட்டு வருஷம் முன்பு தனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஆயிரம் டாலர், பொன்னும் வெள்ளியுமாக எண்ணிக் கொடுத்து விடுதலை வாங்கியவர்.

அடிமைத்தனம் என்றால் என்ன, சுதந்திரம் என்றால் என்ன, சொல்லுங்கள் என்றார்கள். பரீட்சை மாதிரி. இன்னொரு மனிதனின் உழைப்பை அவன் சம்மதம் இல்லாமல், எதிர்க்க முடியாத பலத்தால் வாங்கிக்கொள்வதுதான் அடிமைத்தனம் என்றார் ஃப்ரேசியர். சுதந்திரம் என்றால் அந்த நுகத்தடியிலிருந்து எங்களை எடுத்து, எங்கள் உழைப்பின் பலனை நாங்களே அறுத்துக்கொள்ளும் இடத்தில் வைப்பது. அதற்கு என்ன வழி என்று கேட்டதற்கு அவர் கூலியைப் பற்றியே பேசவில்லை. நிலம் வேண்டும், அதை எங்கள் கையால் உழுது பயிர் செய்ய வேண்டும் என்றார். எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவும் இல்லை, உங்களைவிட மேலே போக வேண்டும் என்றும் கேட்கவில்லை. அந்தஸ்து என்ற வாசனையே இல்லாத ஒரு சுதந்திரம். அந்த முழு நூற்றாண்டிலும் இதைப் பற்றி இவ்வளவு தெளிவாக வேறு யாரும் பேசி நான் படித்ததில்லை.

நான்கு நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோரத் தீவுகளும் கைவிடப்பட்ட நெல் வயல்களும் இவர்களுக்கு, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. சுமார் நாற்பதாயிரம் பேர் குடியேறினார்கள், விதைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இந்தச் செய்தியை எடிஸ்டோ தீவு மக்களிடம் சொல்ல வேண்டிய பாவப்பட்ட வேலை ஜெனரல் ஹோவர்டுக்கு. நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள், போரில் வலது கையை இழந்தவர். அந்த ஜனங்களைப் பார்த்து, உங்கள் பழைய எசமானர்களை மன்னித்துவிடுங்கள் என்றார். அவர்கள் எழுதிக் கொடுத்த பதிலை நான் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியவில்லை. நீங்கள் போரில் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி முப்பத்தொன்பது அடி அடித்தவனை, என் தாயையும் சகோதரியையும் துணி உரித்து அடித்தவனை, அவன் சொன்ன கூலிக்கு அவன் நிலத்தில் பயிர் வைத்தால்தான் காலியாகக் கிடக்கும் குடிசையில்கூட இருக்க விடுவேன் என்பவனை, எனக்கென்று நிலம் இருந்தால் அவன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று தெரிந்தே எனக்கு நிலம் கிடைக்காமல் மற்றவர்களோடு கூட்டுச் சேர்ந்து தடுப்பவனை என்னால் மன்னிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சவுக்கிலிருந்து ஆரம்பித்து நிலத்தில் வந்து முடிக்கிறார்கள் பாருங்கள். நிலம் எதற்கு என்றால் பணக்காரராக இல்லை, அவன் வாசலில் போய் நிற்காமல் இருக்க.

கூலிக் கணக்கிலும் அவர்கள் சளைக்கவில்லை. அதே 1865 ஆகஸ்ட்டில், டென்னசியில் இருக்கும் பழைய எசமான் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதற்கு ஒஹையோவின் டேட்டன் நகரிலிருந்து ஜோர்டன் ஆண்டர்சன் ஒரு பதில் அனுப்பினார். நான் உங்களிடம் முப்பத்திரண்டு வருஷம், என் மனைவி மேண்டி இருபது வருஷம். எனக்கு மாதம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர், மொத்தம் 11,680 டாலர் பாக்கி. எங்களுக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த துணி, டாக்டர் எனக்காக மூன்று தடவை வந்தது, மேண்டிக்கு ஒரு பல் பிடுங்கியது எல்லாம் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்றார். இங்கே இவளைத் திருமதி ஆண்டர்சன் என்று கூப்பிடுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பிரிட்டன் தன் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது, முழுக்க எசமானர்களுக்கு. கேப் எசமானர்களும் அதில் பங்கு வாங்கினார்கள். வாஷிங்டன் நகரில் 1862ல் ஒழித்தபோதும் தலைக்கு முந்நூறு டாலர் வரை எசமானர்களுக்குத்தான். யாருக்கு யார் கடன்பட்டவர் என்று சரியாகக் கணக்குப் போட்டது அந்த ஆண்டர்சன்தான்.

இவர்கள் கேட்டது நிலமும் குடும்பமும் சொந்த நேரமும். கொடுக்கப்பட்டது ஒப்பந்தம். 1865 ஜூன் 19ல் டெக்சாஸின் கால்வஸ்டனில் விடுதலையை அறிவித்த உத்தரவைப் பாருங்கள், இன்றைக்கு அந்த நாளை விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். எசமான், அடிமை என்ற உறவு இனி முதலாளி, கூலியாள் என்ற உறவு என்று சொல்லி, அதே மூச்சில் இப்போது இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருந்தால் சோறு கிடையாது என்கிறது. இருநூற்றைம்பது வருஷம் ஓயாமல் உழைத்தவர்களிடம் சோம்பேறியாக இருக்காதே என்று புத்தி சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்த நவம்பரில் மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது: ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கே வேலை பார்க்கிறாய் என்று கறுப்பர்கள் எழுத்துபூர்வமாகக் காட்ட வேண்டும், நடுவில் நின்றால் அதுவரை உழைத்த கூலி போச்சு, பிடித்துக்கொண்டு வந்து விடலாம், பட்டணத்துக்கு வெளியே நிலம் வாடகைக்குக்கூட எடுக்கக் கூடாது. டிசம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர என்ற ஒரு விலக்கோடு. அந்தச் சந்து வழியாக ஆயிரக்கணக்கானவர்களைக் கைதிகளாக்கிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வாடகைக்கு விட்டார்கள்.

இனி நம் நேட்டாலுக்கு வருகிறேன். டர்பன் கடற்கரையோரத்தில் கரும்பு போட்ட துரைகளுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. ஜூலு மக்களிடம் நிலமும் மாடும் இருந்தன, துரை சொன்ன கூலிக்கு வருஷம் முழுக்கக் கரும்பு வெட்ட அவர்களுக்கு அவசியம் இல்லை. எடிஸ்டோ ஜனங்கள் சொன்னது இங்கே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. நிலம் இருப்பவன் கைநாட்டு வைக்க வர மாட்டான். அதனால்தான் நாம் வந்தோம். 1860 நவம்பர் 16ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு வந்து நின்றது. 1911 வரை வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம், அதில் பெரும்பகுதி சென்னை வழியாக வந்தவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம், சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் ஜெயில். இது அடிமை முறை இல்லை, அதைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும்: நம் ஆட்களை விற்கவில்லை, பிள்ளை பிறந்தபோதே தோட்டத்துச் சொத்து என்று எழுதவில்லை, முடிகிற தேதி ஒன்று இருந்தது. அமெரிக்க அடிமைகள் பட்டதை நாமும் பட்டோம் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் முடிகிற தேதிக்கு அப்புறம் நடந்தது அப்படியே மிசிசிப்பி. ஒப்பந்தம் முடிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, துண்டு நிலம் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள், கூடையில் சுமந்து டர்பன் தெருக்களில் விற்றார்கள், மீன் பிடித்தார்கள். ஃப்ரேசியர் கேட்ட அதே வாழ்க்கை. துரைகளுக்கு அது பிடிக்கவில்லை. 1895ல் சட்டம் வந்தது: ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பு, அல்லது மறுபடி கைநாட்டு வை, இரண்டும் இல்லை என்றால் வருஷம் மூன்று பவுன் வரி கட்டு. முதலில் இருபத்தைந்து பவுன் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங், பத்து ஷில்லிங் மாதச் சம்பளக்காரனுக்கு ஆறு மாசக் கூலி. பிற்பாடு பதினாறு வயசுப் பையனுக்கும் பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கும் சேர்த்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரரின் ஆயா இதைப் பற்றிச் சொல்லும்போது ஒரே வரியில் முடித்துவிடுவார்: "காசு இருந்தா மூணு பவுனு, இல்லன்னா கைநாட்டு." ஆயாவின் மாமனார் அப்படி வந்தவர். கப்பல் பட்டியலில் அவர் வரியை எடுத்து வைத்திருக்கிறோம். நம்பர், தகப்பன் பேர், வயது, ஜாதி, தாலுகா, கிராமம், கடைசிக் கட்டத்தில் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. ஓடிப்போனால் அடையாளம் பிடிக்க. ஒரு மனிதனைப் பற்றி அரசாங்கம் ஒரே ஒரு வரிதான் எழுதியது, அதில் பாதி அவன் ஓடிவிடுவானோ என்ற கவலை.

1913ல் இந்த வரிக்கு எதிராக நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆரம்பித்த வேலை நிறுத்தம் கரும்புக் கரை முழுக்கப் பரவியபோது அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? சிறையில் இடம் இல்லை என்று சுரங்க வளாகங்களையே சிறையின் கிளைகள் என்று அறிவித்தது. சுரங்கத்து வெள்ளைக்கார மேஸ்திரிகளே ஜெயில் வார்டர்கள். தண்டனை, அதே சுரங்கத்தில் அதே வேலை, கூலி இல்லாமல். பதின்மூன்றாம் திருத்தத்தின் அந்தச் சந்தை இவர்கள் படித்தார்களோ இல்லையோ, புத்தி ஒன்றுதான். மவுண்ட் எட்ஜ்கோம்பில் வேலை நிறுத்தக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, இந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய்ப் பதினாறு வயதில் செத்துப்போன வள்ளியம்மை, இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். 1914ல் வரி போனது.

இத்தோடு நிறுத்தினால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் பர்க்கின் அந்த வரி நம்மையும் தொடுகிறது. 1895 வாக்கில் டர்பன் தபால் ஆபீசில் இரண்டு வாசல் இருந்தன, வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சேர்த்து ஒன்று. காந்தி செயலாளராக இருந்த நேட்டால் இந்திய காங்கிரஸ் மனு கொடுத்தது. இரண்டு வாசல் ஏன் என்று அதில் கேட்கவில்லை. எங்களுக்குத் தனியாக இன்னொரு வாசல் வேண்டும் என்று கேட்டது, கிடைத்தும் விட்டது. மூன்று வாசல். 1906ல் தலைக்கு ஒரு பவுன் வரியை எதிர்த்து பம்பாத்தா தலைமையில் ஜூலு மக்கள் எழுந்தபோது, தலைக்கு மூன்று பவுன் கட்டிக்கொண்டிருந்த நம் சமூகத்திலிருந்து அரசாங்கத்தின் பக்கம் ஸ்ட்ரெச்சர் தூக்க ஒரு படை போனது. காயம்பட்ட ஜூலுக்களுக்கு வேறு யாரும் தொடாதபோது மருந்து போட்டவர்கள் அவர்கள்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் போன பக்கம் எது? அடுத்தவனைவிட ஒரு படி மேலே நிற்பதுதான் சுதந்திரம் என்ற எண்ணம் நியூ பெட்ஃபோர்டு பட்டறைக்காரர்களுக்கு மட்டும் இருந்ததில்லை. 1947ல் இந்தியத் தலைவர்களான மான்டி நாயக்கரும் யூசுப் தாதூவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சூமாவோடு உட்கார்ந்து, சேர்ந்து போராடுவோம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வரைக்கும் நம் தலைமை அந்தப் படியை விட்டு முழுசாக இறங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

சவன்னாவில் அன்றைக்கு இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். வெள்ளையரோடு கலந்து வாழ்வீர்களா, தனியாகவா? தனியாக இருக்கவே விரும்புகிறேன், இங்கே எங்கள் மேல் இருக்கிற வெறுப்புத் தீர வருஷங்கள் ஆகும் என்றார் ஃப்ரேசியர். மற்றவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், ஒருவரைத் தவிர. ஜேம்ஸ் லிஞ்ச், 26 வயது, பால்டிமோரில் சுதந்திரராகப் பிறந்தவர், பிரிந்து வாழக் கூடாது, சேர்ந்துதான் வாழ வேண்டும் என்றார். எங்களுக்கு டர்பனில் இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்தில் வீடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கர் பகுதியான உம்லாசி. இந்தப் பிரிவை நாங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை, இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த 1950ன் குழுப் பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து இப்படிப் போட்டது. 1949ல் ஆப்பிரிக்கர், இந்தியர் கலவரத்தில் இந்த ஊர் எரிந்ததை ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன், 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர் பகுதியான ஃபீனிக்ஸில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டதை நானே இங்கே இருந்து பார்த்தேன். அதற்கப்புறம் எங்கள் தெருவில் பலர் சுவரை உயர்த்திக் கட்டினார்கள். ஃப்ரேசியரை நான் குறை சொல்ல மாட்டேன், 67 வருஷம் பட்டவர். ஆனால் நான் லிஞ்ச் பக்கம். அவர் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முதல் கறுப்பர் சட்டத்தைப் போட்ட அதே மிசிசிப்பிக்குப் பிற்பாடு போய்க் குடியேறினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1869ல் அந்த மாநிலத்தின் அரசுச் செயலாளராகத் தேர்தலில் ஜெயித்தார்.